எனக்காக யாரும் தரை துடைக்கவில்லை

அவளுக்கு எல்லா வீட்டிலும் நாற்காலி போட்டார்கள். எனக்கு ஒரு வீட்டிலும் போடவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆய்வைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பூச்சிமருந்து அல்ல, அந்த நாற்காலிகள்தாம். வீட்டில் நாற்காலி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்து, சேலைத் தலைப்பால் துடைத்து, அவள் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

அது என்னுடைய ஊர். பூதப்பாண்டிக்குப் போகிற சாலையிலிருந்து இறங்கி நடந்தால் வயலுக்குத் தண்ணீர் பாய்கிற கால்வாயின் கரை, எங்கள் பேச்சில் சானல்கரை. கரையை ஒட்டி எங்கள் தெரு. வீடுகளின் பின்பக்கத்தில் வயல். அப்பா அந்த வயல்களில் கூலிக்கு மருந்து அடிப்பவர். அம்மா நடவுக்கும் களைக்கும் போவாள். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட வராது. நான் வேதியியலில் எம்.எஸ்சி. முதல் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான். இதை நான் யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன். அப்போதும் அப்படித்தான்.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்களில் ஒன்று. நாகர்கோவிலில் நான் படித்த கல்லூரியின் பேராசிரியை ஒரு ஆய்வைத் தொடங்கினார். வயலோரம் குடியிருக்கிறவர்களின் வீட்டுக்குள் பூச்சிமருந்து எவ்வளவு வந்து தங்குகிறது, அவர்கள் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று அளந்து பார்ப்பது. மருந்து அடிக்கிறவன் மேல் படுவது எல்லோருக்கும் தெரியும். அடிக்காதவள், வயலுக்கே போகாதவள், அடுப்பங்கரையில் நிற்கிறவள் மேல் என்ன படுகிறது என்பதுதான் கேள்வி. கள வேலைக்கு இரண்டு பெண்களை எடுத்தார். நான் ஒருத்தி. அவள் இன்னொருத்தி. முதல் கட்டம் முடிந்ததும் ஒருத்தியை மட்டும் அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொண்டு, பிஎச்.டி.க்கும் பதிவு செய்துகொள்வேன் என்று முதல் நாளே எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து நான் அவளைப் பார்த்த கண்ணே வேறு.

அவள் நாகர்கோவில்காரி. அப்பாவும் அம்மாவும் வாத்தியார்கள். கான்வென்ட் படிப்பு. ஸ்கூட்டியில் வருவாள். நான் பஸ்ஸில் போய், கல்லூரியில் சாமான்களை வாங்கிக்கொண்டு, அதே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பி வந்து வேலை செய்ய வேண்டும். ஆய்வுக்கு ஒரே ஒரு ஜி.பி.எஸ். கருவி இருந்தது. மேடம் அதை அவள் கையில் கொடுத்தார். எனக்கு முப்பது மீட்டர் நாடா. வீட்டு வாசலிலிருந்து வயல் வரப்பு எவ்வளவு தூரம் என்று குறிக்க அவள் ஒரு பொத்தானை அமுக்குவாள். நான் நாடாவின் ஒரு முனையை ஏதாவது ஒரு அக்காள் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு, சேற்றில் செருப்பு புதைய வரப்புக்கு நடப்பேன். அவள் எண்ணை விட என் எண் துல்லியம் என்று மேடமே ஒரு நாள் சொன்னார். ஆனாலும் கருவியை என் பக்கம் நகர்த்தவில்லை.

வேலை இதுதான். வீட்டுக்குள் எல்லோரும் புழங்குகிற இடத்தில், தரையில் ஒரு சதுரச் சட்டத்தை வைக்க வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் சட்டத்துக்குள் மேலிருந்து கீழாகத் துடைத்து, மடித்து, இடமிருந்து வலமாகத் துடைத்து, மறுபடி மடித்து, அலுமினியத் தாளில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். அந்தத் துணியில் ஏறிய தூசில் மருந்து எவ்வளவு என்று வெளியூர் ஆய்வுக்கூடம் சொல்லும். வீட்டுப் பெண்ணின் இரண்டு உள்ளங்கைகளையும் அதேபோலத் துடைத்து எடுக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் முதல் சிறுநீர், ஒரு சிறிய குப்பியில். இதற்கு முன்னால் இரண்டு நாள் வீட்டைப் பெருக்கித் தூத்துவாரக் கூடாது, தரை துடைக்கக் கூடாது. அதுதான் முக்கியமான விதி. தூசு போனால் எல்லாம் போச்சு.

தெருவில் ஒற்றைப்படை வீடுகள் அவளுக்கு, இரட்டைப்படை எனக்கு. சொந்த வீட்டில் யாரும் மாதிரி எடுக்கக் கூடாது என்பது மேடத்தின் இன்னொரு விதி. எங்கள் வீடோ ஒற்றைப்படையில் இருந்தது. அதனால் விதியை யாரும் எனக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

என் முதல் வீடு, எதிர்ச்சாரியில் இருக்கிற ஒரு மைனியின் வீடு. நான் ஐஸ் பெட்டியோடு வாசலில் நிற்கிறேன்.

"ஏட்டி, நீயா? நான் ஆரோன்னுல்லா நெனச்சேன். அடுப்புல சோறு கொதிக்கி, ஒரு பார்வை பாத்துக்க. நான் துணிய அலசிட்டு வாறேன்."

"மைனி, நான் வேலையா வந்திருக்கேன்."

"வேலைதான? சோத்த வடிச்சிட்டுச் செய்யி. தறை எங்கயும் ஓடிராது."

சோறு வடித்தேன். எம்.எஸ்சி. முதல் வகுப்பு, மைனி வீட்டுச் சோற்றை வடித்துவிட்டுத்தான் தரையில் சட்டத்தை வைத்தேன். மைனி வந்து ஈரக்கையை நீட்டினாள்.

"கைய கழுவிட்டீங்களே மைனி! கழுவாத கைதான் வேணும்."

"அதுக்கு முன்னாலயே சொல்லணும். நாளைக்கி வா, அழுக்கோட தாறேன். ஒனக்கு இல்லாத அழுக்கா?"

சிறுநீர்க் குப்பியைக் கொடுத்தபோது பக்கத்து வீட்டுச் சித்தியும் வந்து சேர்ந்துகொண்டாள். "இத எங்க மக்கா கொண்டுபோறிய? இது இவ்வளவு கிராக்கின்னு தெரியாம இத்தன வருசமா தென்னமூட்டுலல்லா விட்டுக்கிட்டு இருக்கோம்!" இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சானலுக்கு அந்தப்பக்கம் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மறுநாள் குப்பி வந்துவிட்டது. நிரம்பி, மூடி இறுக மூடி, மேலே ஒரு பாலித்தீன் பையும் கட்டி. என்னைக் கேலி செய்தார்களே தவிர, கேட்டதைக் கொடுக்காமல் இருந்ததில்லை.

அவள் கதை வேறு. அவள் எந்த வீட்டுக்கும் சொல்லாமல் போக மாட்டாள். முந்தின நாளே ஸ்கூட்டியை நிறுத்தி, வாசலுக்கு வெளியே நின்று, "நாளைக்கு வரலாமா ஆன்ட்டி? உங்களுக்கு நேரம் இருக்குமா?" என்று கேட்பாள். எங்கள் தெருவில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. பெண்கள் கரைந்து போனார்கள். "டாக்டரு பிள்ள" என்று பெயர் வைத்தார்கள். அவள் டாக்டர் இல்லை, என்னைப் போல எம்.எஸ்சி.தான், அதுவும் என்னைவிட மதிப்பெண் குறைவு என்று நான் மூன்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் மக்கா, பாக்க டாக்டரு மாதிரி இருக்குல்லா" என்றார்கள். அவளுக்கு இளநீர் வெட்டினார்கள். ஏத்தங்காய் வறுவல் வாங்கி வைத்தார்கள். எனக்கு அகப்பையைக் கொடுத்தார்கள்.

மார்கழி பிறந்திருந்தது. மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல், கதிர் உள்ளே திரண்டு தொண்டைக் கதிருக்கு வருகிற சமயம். வயலில் மருந்து அடிக்கிற வாடை காலையிலேயே தெருவுக்குள் வந்துவிடும். ஒரு நாள் அவளும் நானும் சானல் பாலத்தில் நின்று குறிப்பேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சொன்னாள்: "உங்க ஊர்ல எல்லார் வீடும் எவ்வளவு சுத்தமா இருக்கு! எங்க வீட்டுல கூட இப்படி இருக்காது. உள்ள போனாலே பினாயில் வாசம்தான்."

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் தெருவில் பினாயில் என்பது பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வாங்குகிற பொருள்.

அன்று சாயங்காலம் மைனியிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "அந்தப் பிள்ள சொல்லத்தான் செஞ்சு, ரெண்டு நாளு தூத்துவாராண்டாம், தொடைக்காண்டாம்னு. அதுக்காவ? வெளிய உள்ள ஒரு பிள்ள நம்ம வீட்டுக்குள்ள வந்து முட்டுகுத்தி இரிக்கும்போ தறையில மண்ணு கெடந்தா என்ன நெனைக்கும்? அந்தப் பிள்ள போற வீட்டுல எல்லாரும் விடியமுன்ன தொடச்சிப் போட்டுட்டுத்தான் இரிக்காவ. கேட்டா, தொடைக்கலன்னு சொல்லிருவாவ."

"அப்பம் எனக்கு?"

"ஒனக்கு என்னத்துக்குட்டி? நீ நம்ம பிள்ளல்லா."

ஆய்வு கெட்டுக்கொண்டிருக்கிறது என்பது அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. துடைத்த தரையில் சட்டம் வைத்து அவள் அழகாகத் துடைக்கிறாள். வருவது பினாயில் நாற்றம் மட்டும்தான். உடனே மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் அன்று இரவு சாப்பிடாமல் படுத்தேன். ஆய்வு கெட்டதற்காக அல்ல. அவளுக்காகத் தெருவே முட்டிபோட்டுத் தரை துடைத்திருக்கிறது என்பதற்காக. எனக்கு ஒருத்தி ஒரு வாரியலைக்கூட எடுக்கவில்லை. என்னுடைய துணிகள் எல்லாம் கறுத்துக் கறுத்து வந்ததை நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன், நான்தான் நன்றாகத் துடைக்கிறேன் என்று.

சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்தேன். அவள் முடிவுகள் ஒன்றுமில்லாமல் வரட்டும். இடம் எனக்கு வரும்.

இரண்டு நாள் கழித்து, "நாளைக்கு வரலாமா ஆன்ட்டி?" என்று எங்கள் வீட்டு வாசலில் அவள் குரல் கேட்டது. அம்மா கொண்டையை முடிந்துகொண்டே ஓடினாள்.

எங்கள் வீடு ஒரே அறை. பின்பக்கம் அடுப்படி. கட்டிலுக்கு அடியில் அப்பாவின் மருந்துப் பம்ப் இருக்கும். பம்ப் வயல்காரருடையது. வெளியே வைத்துக் காணாமல் போனால் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும். அதனால் அது நாங்கள் படுக்கிற இடத்திலேயே இருந்தது. பாதி காலியான மருந்துக் குப்பிகளும் அதன் பக்கத்தில். மருந்து அடிக்கும்போது போடுகிற சட்டையும் சாரமும் கதவுக்குப் பின்னால் ஆணியில். இந்த வீட்டில் நான் பிறந்து வளர்ந்து, வேதியியல் படித்து, அந்த மருந்துகளின் மூலக்கூறுகளைப் பரீட்சையில் பிழையில்லாமல் வரைந்து, திரும்பி வந்து அதே கட்டிலில் படுத்தேன்.

விடிவதற்கு முன்னால் வாளிச் சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா தரையில் முழங்காலிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. சொல்லாமல் நின்றது மட்டும் என்றால் அதற்கு ஒரு கணக்கு இருந்தது: கெடப்போவது அவள் எடுக்கிற துணிதான், கெடட்டும். ஆனால் நான் நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பம்பை இழுத்தேன்.

அவள் கையில் ஒரு படிவம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். 'மருந்துத் தெளிப்பான் வைக்கப்படும் இடம்' என்று ஒரு வரி. 'உறங்கும் அறை' என்று அவள் தன் அழகான கையெழுத்தில் எழுதுவாள். என் வீட்டைப் பற்றி. அவள் மாலையில் நாகர்கோவிலுக்குப் போய், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "கூட வேலை செய்யறாளே, அவ வீட்டுல..." என்று சொல்வாள். அவள் சொல்லக்கூடியவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் பம்பையும் குப்பிகளையும் தூக்கிக்கொண்டு போய் மைனியின் மாட்டுக்கொட்டிலில் வைத்தேன். அப்பாவின் சட்டையையும் சாரத்தையும் சானலில் அலசிப் போட்டேன். திரும்பி வந்து, அம்மா கையிலிருந்த துணியை வாங்கி, பம்ப் இருந்த இடத்தை நானே இரண்டு முறை துடைத்தேன்.

அம்மா குந்தியிருந்து என்னைப் பார்த்தாள். "நீ தொடைக்காண்டாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன்."

"சும்மா கெட."

அவள் ஒன்பது மணிக்கு வந்தாள். அப்பா புதுத் துவர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. நேரே தரையில் முழங்காலிட்டுச் சட்டத்தை வைத்தாள். மேலிருந்து கீழ், மடிப்பு, இடமிருந்து வலம், மடிப்பு. என்னைவிட நிதானமாகச் செய்தாள். அம்மாவின் உள்ளங்கையை அவள் பிடித்த விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. அம்மாவின் முகம் குழைந்தது. அந்தக் கையை நான் அப்படிப் பிடித்ததில்லை.

"தரை துடைச்சீங்களா ஆன்ட்டி?"

"இல்ல மக்ளே, ரெண்டு நாளாட்டுத் தொடைக்கல."

அவள் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள். நானும் செய்தேன்.

மாசியில் முடிவுகள் வந்தன. அறுவடை நடந்துகொண்டிருந்தது, கல்லூரிக்குப் போகிற பஸ் முழுக்க வைக்கோல் வாடை. மேடம் மேசையில் இரண்டு அட்டவணைகளை விரித்தார். மருந்தின் அளவில் என் வீடுகள் எல்லாம் மேலே. அவள் வீடுகள் எல்லாம் கீழே. ஒரே தெரு, ஒரே வயல், ஒரே காற்று.

மேடம் முதலில் என் பக்கம் திரும்பினார். "உன் வீட்டுலயே மருந்து புழங்குது. துணிகளை எங்கே வச்சிருந்தே? அதுலயே ஒட்டியிருக்குமோ?"

இதற்கு நான் தயாராக இருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வெறுந்துணியைப் பிரித்து, எதையும் தொடாமல், அப்படியே சுற்றி வைத்து அனுப்பியிருந்தேன். பத்து வீட்டுக்கு ஒன்று போதும் என்று மேடம் சொல்லியிருந்தார். நான் எல்லா வீட்டிலும் செய்தேன். "மேடம், என் வெறுந்துணிகளைப் பாருங்க" என்றேன். பார்த்தார். எல்லாம் சுத்தம். துணியில் குறை இல்லை.

"அப்போ உன்னோடது சரி" என்றார். மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். "நீ எப்படித் துடைச்சே? அழுத்தித் துடைக்கச் சொன்னேனா இல்லையா? பேருக்குத் தடவிட்டு வந்தியா?"

அவளிடம் மேடம் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. அவள் காது சிவந்தது. எனக்கு உள்ளே வெல்லம் கரைந்தது. இதைவிட அழகாக எழுத எனக்குத் தெரியவில்லை, இதுதான் உண்மை. நாற்காலி, இளநீர், ஜி.பி.எஸ்., பினாயில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நிமிடம் சரியாகப் போயிற்று. நான் வாய் திறக்காமல் இருந்தால் போதும், இடம் என்னுடையது.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். "இவங்க வீட்டுல நான் எடுக்கும்போது இவங்க கூடவே இருந்தாங்க மேடம். நான் சரியாத்தான் செஞ்சேன்னு இவங்களுக்குத் தெரியும். கேளுங்க."

மேடம் கேட்டார். "நீ பாத்தியா? எப்படிச் செஞ்சா?"

'கவனிக்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் எனக்கு ஒரு திமிர் உண்டு. வேலையைப் பற்றி யாராவது கேட்டால் பொய் வராது. ஆளைப் பற்றி வரும். வேலையைப் பற்றி வராது.

"சரியாத்தான் செஞ்சா. என்னைவிட நல்லா" என்றேன்.

"அப்போ உங்க வீட்டுக்கு ஏன் இவ்வளவு கீழே வந்திருக்கு? உங்க அப்பா மருந்து அடிக்கிறவர்தானே?"

அவளையும் பார்க்க முடியவில்லை, மேடத்தையும் பார்க்க முடியவில்லை. நான் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தெருவில் எல்லோரும் அவளுக்காகத் தரை துடைத்தார்கள், எனக்காக யாரும் துடைக்கவில்லை, அதனால்தான் இந்த வித்தியாசம் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க வீட்டுல நானும் துடைச்சேன் மேடம். பம்பை எடுத்து வெளிய வச்சதும் நான்தான்."

"எப்போலருந்து தெரியும் உனக்கு?"

"மார்கழியில இருந்து."

"ஏன் சொல்லல?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அது சொல்லக்கூடிய பதில் இல்லை. அவள்தான் பேசினாள்: "முன்கூட்டியே போய்ச் சொன்னது என் தப்பு மேடம். நான் சும்மா போயிருந்தா துடைச்சிருக்க மாட்டாங்க." அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அதைத் தாங்கத்தான் முடியவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த நெல் பருவமான கன்னிப்பூவுக்கு மருந்து அடிக்கிற ஆடி மாதம் வரை காத்திருந்து, ஒற்றைப்படை வீடுகளை எல்லாம் மறுபடி எடுத்தோம். சொல்லாமல் போய் எடுக்க வேண்டும் என்று மேடம் உத்தரவு. எடுக்கிறவள் நான், எனக்குத்தான் யாரும் தரை துடைக்க மாட்டார்களே. இதை மேடம் ஒரு தகுதி போலச் சொன்னார். அவள் கல்லூரியில் உட்கார்ந்து எண்களைக் கணினியில் ஏற்றினாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் விதிப்படி அவளே வர வேண்டியிருந்தது.

வந்த நேரம் மத்தியானம். அம்மா களை பறித்துவிட்டு அப்போதுதான் சேற்றுக் காலோடு நுழைந்திருந்தாள். அப்பா காலையில் மருந்து அடித்த உடுப்போடு, கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டிச் சத்தத்தைக் கேட்டு அம்மா வாரியலைத் தேடினாள். நான் அதை எடுத்துப் பின்னால் ஒளித்தேன்.

"ஏட்டி சவமே, குடு அத! பிள்ள வந்துட்டு!"

"வரட்டும்."

அவள் உள்ளே வந்தாள். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்திருப்பாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மறுபடி கட்டிலுக்கு அடிக்கே வந்துவிட்ட பம்புக்குப் பக்கத்திலேயே சட்டத்தை வைத்தாள். முதல் மடிப்பிலேயே துணி கறுத்துவிட்டது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். படிவத்தில் அந்த வரி வந்தபோது அவள் பேனா நின்றது. நான் அவளுக்காகச் சொன்னேன்: "உறங்கும் அறைன்னு எழுது." எழுதினாள்.

முடிவில் எங்கள் வீடு தெருவிலேயே மருந்து அதிகமான வீடுகளின் வரிசையில் இருந்தது. வயலுக்கு அருகில் இருப்பதை விட, மருந்தை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் எங்கள் தெருவில் பெரிது என்று மேடம் சொன்னார். அம்மாவின் குப்பியிலும் அது தெரிந்தது. மேடத்தின் அந்த முடிவைத் தாங்கிப் பிடித்தது எங்கள் வீட்டு எண்தான்.

இடம் அவளுக்குப் போயிற்று. மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அவளுக்குத் தெரியாம நடந்தது. நீ தெரிஞ்சு செஞ்சே. கை சுத்தமா இருக்கிறவ வேணும் எனக்கு." நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தபிறகும் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம், அவள் பிறந்த வீட்டில் மறைக்க என்ன இருந்தது, மறைக்க ஒன்றும் இல்லாதவளுக்கு நேர்மை என்ன பெரிய காரியம் என்றே எண்ணிக்கொண்டு வந்தேன். இன்றும் சில நாள் அப்படித்தான் எண்ணுகிறேன். அவள் இப்போது டாக்டர்தான், தெருப் பெண்கள் சொன்னபடியே. நான் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "கெடச்சா?"

"அவளுக்கு."

அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள். "நான் தறைய தொடச்சதுனாலயா மக்கா போச்சு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதை ஏற்றுக்கொண்டு ஆயுசு முழுக்கச் சுமந்திருப்பாள். என் கோபத்துக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கும்.

"நீ இல்லம்மா. நான் தொடச்சதுனால."

கட்டிலில் இருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பம் அதுல வந்திரிக்கது நெசந்தானா? அம்மைக்க ஒடம்புல மருந்து இரிக்குன்னு?"

"நெசந்தான்."

"அவ மருந்து அடிக்கப் போறதே இல்லையே."

"நீங்க வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கியளே."

அப்பா கட்டிலிலிருந்து இறங்கினார். குனிந்து பம்பை வெளியே இழுத்தார். முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மழையில் நனையக் கூடாது, ஆள் எடுத்துவிடக் கூடாது, அடுப்படிக்கும் பக்கமாக இருக்கக் கூடாது. இரண்டு சென்ட் நிலத்தில் அப்படி ஓர் இடம் தேடி நாங்கள் மூன்று பேரும் வீட்டைச் சுற்றி வந்தோம். கக்கூசின் பின்சுவரை அம்மா காட்டினாள். அப்பா அங்கே நாலு செங்கலை அடுக்கி, பழைய தகரம் ஒன்றைத் தேடி எடுத்துவந்தார். சங்கிலி போட்டுப் பூட்ட ஒரு கொக்கி வேண்டும் என்றார். நான் கடைக்குக் கிளம்பினேன்.